உச்சி வெயிலுக்கு இரண்டு கறுப்புக் கண்ணாடி

ஜூலை 2, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை. அக்கா இரண்டு குடத்தோடு தெருக்கோடி வரை போய் வந்தாள். ஸ்டூடியோவில் முகம் திருத்தும் டச்சிங்குக்கு ஒன்பது நெகட்டிவ், எல்லாம் பாஸ்போர்ட். பென்சில் முனை சீவவே அரை மணி.

பதினோரு மணிக்கு ஓர் அண்ணனும் தங்கையும். கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு வைக்கும் போட்டோ. தங்கை பெயர் ராஜலட்சுமி (இனி ரா.). ஆர்.ஏ. புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். முப்பது இருக்கும். வெயிலில் நின்று கறுத்த மாநிறம். இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி கன்னம், தாடை, கழுத்து வரை வெள்ளைத் திட்டு. விளிம்பெல்லாம் கடற்கரை வரைபடம் மாதிரி.

அண்ணன் ஸ்ரீதர், ஓனரிடம் தணிந்த குரலில்: "ஆடி பொறக்கறதுக்குள்ள நாலு எடத்துக்கு அனுப்பணும். கொஞ்சம் டச்சிங் பண்ணிடுங்கோ, வெளியில தெரியாம."

ரா. சத்தமாக: "வேண்டாம். இருக்கறபடி."

இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு ஓனர் விளக்கைப் போட்டார். நிறைய பவுடர். எடுத்து முடிந்ததும் ரா. என் மேஜைக்கு வந்தாள். "டச்சிங் பண்றது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"எனக்குப் பண்ணாதீங்கோ."

பன்னிரண்டு வருடத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை.

ஜூலை 3, புதன்

அந்த நெகட்டிவ் என் மேஜையில். ஓனர் எப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்கினார். தெரியாதா எனக்கு. திட்டைத் தொடவே வேண்டாம். அதைச் சுற்றியுள்ள மாநிறத்தின் மேல் பென்சில் ஓட்டினால் பிரிண்டில் முழு முகமும் வெளுத்துவிடும். "திட்டும் மறைஞ்சுது, பொண்ணும் செவப்பாயிடுச்சு. ரெண்டு வேலை ஒண்ணுல."

பென்சிலை எடுத்தேன். வைத்தேன். டீ குடித்தேன். மறுபடி எடுத்தேன். கை ஓடவில்லை.

"அந்தப் பொண்ணு வேணாம்னாங்க சார்."

"அண்ணன் வேணும்னாரு நிர்மலா."

"போட்டோ அண்ணனுக்கா?"

அவர் நெகட்டிவை எடுத்துக்கொண்டு போனார். மாலையில் அவரே செய்துகொண்டிருந்தார், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி.

வீட்டுக்குப் போகும் வழியில் பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன். ரா. கழுத்தில் விசிலோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். விசில் கயிற்றை விரலில் சுற்றினாள். பிறகு, "நீங்க போட்டோ எடுப்பேளா?"

எடுப்பேன் என்றேன். எங்கே, எப்போது என்று கேட்டதற்கு, "நாளைக்கு மத்தியானம். இங்கயே. நான் தினம் நிக்கற எடத்துல."

ஜூலை 4, வியாழன்

12.40. மைதானத்தில் ஒரு மரம் கிடையாது. வெயில் நெட்டுக்குத்தாக. கறுப்பு வெள்ளை ஃபிலிம், லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி 16இல் வைத்து, நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு வேகம். வெயிலுக்கு எல்லோரும் வைப்பது. பத்து நிமிடத்தில் முடிந்தது. சுலபமாக இருந்தது, அதுவே சந்தேகம்.

எண்ணெய், சீயக்காய், அக்காவுக்கு வலி மாத்திரை.

ஜூலை 5, வெள்ளி

சந்தேகப்பட்டது சரி. 16இல் எல்லாமே கூர்மை. முகம், சைக்கிள் ஸ்டாண்டு, சுவரில் எழுதிய விதிமுறைகள், வாட்ச்மேன், வரிசையாக நின்று பார்க்கும் பெண்பிள்ளைகள். ஒவ்வொருத்தியின் கண்ணும் ரா. முகத்தின் மேல்.

மாலையில் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாரும் என்னையே பாத்துண்டு இருக்கா. அதான் தினம் நடக்கறதே. பஸ்ல, கோயில்ல. போட்டோலயும் வேணுமா?"

சாயங்கால வெளிச்சத்தில் எடுத்தால் என் பெரிய லென்ஸைத் திறந்துவைத்துப் பின்னால் இருப்பவர்களைக் கரைத்துவிடலாம் என்றேன்.

"சாயங்காலம் எல்லாரும் அழகாத்தான் தெரிவா. மத்தியானம் எடுங்கோ. டாக்டர், அம்மா, மன்னி எல்லாரும் பதினஞ்சு வருஷமா சொல்றா, வெயில்ல நிக்காதே, நின்னா இன்னும் எடுப்பாத் தெரியும்னு. நின்னுண்டுதான் இருக்கேன். சம்பளமே அதுக்குத்தான்."

பஸ் டிக்கெட் பின்னால் போட்ட கணக்கு:

பெரிய லென்ஸ் 1.2 வரை திறக்கும், எண் குறைந்தால் துவாரம் அகலம். அவ்வளவு திறந்தால் இரண்டு விரல் கனத்துக்குத்தான் கூர்மை. முன்னும் பின்னும் புகை. அதுதான் வேண்டும்.

ஆனால் உச்சி வெயிலில் 1.2க்கு வேண்டிய வேகம் நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. என் கேமராவால் முடிந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியே எடுத்தால் ஃபிலிம் வெந்துவிடும்.

ஆகவே என்.டி. ஃபில்டர், லென்ஸ் முன்னால் மாட்டும் சாம்பல் கண்ணாடி. வேறொன்றும் செய்யாது, வெளிச்சத்தைக் குறைக்கும். எட்டில் ஒரு பங்காகக் குறைப்பது ஒன்று, நாலில் ஒரு பங்காக்குவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று மாட்டினால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. போதும்.

என்னிடம் இரண்டும் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று மாலை தி. நகர், மாடியில் இருக்கும் கரீம் பாய் கடை. கேமரா ரிப்பேர். 1.2 லென்ஸை எனக்கு விற்றவரே அவர்தான், ஓரத்தில் பூஞ்சை படிந்ததால் யாரும் வாங்காமல் கிடந்தது.

"இன்னா மேடம் நீ. இந்த லென்சு வெளிச்சத்த இழுக்கும்னுதான் ஊரே அலையுது. நீ அதும் மூஞ்சில கறுப்புக் கண்ணாடி மாட்றேன்ற."

"மாட்றேன்."

"ராத்திரிக்கு எடுக்கறது அது. வெயிலுக்கு வேற லென்சு கீதே."

"வேற லென்ஸ்ல பின்னாடி இருக்கறவங்க தெரியறாங்க பாய்."

புரிந்ததோ இல்லையோ, இழுப்பறையைக் கொட்டித் தேடினார். எட்டு ஒன்று, நாலு ஒன்று. நாலு கொஞ்சம் பழுப்பு. "கறுப்பு வெள்ளைக்கு இதெல்லாம் தெரியாது, எடுத்துக்கினு போ. வேலை முடிஞ்சா திருப்பிக் குடு."

இன்று மத்தியானம் ஒத்திகை, நொச்சிக்குப்பம். ரோட்டோரம் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு கண்ணாடியையும் மாட்டினால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை, இருட்டு. கழற்றி ஃபோகஸ் வைத்து, மறுபடி மாட்டி, எடுத்து, மறுபடி கழற்றி. அந்தம்மா பொறுமையாகப் பார்த்தார்.

"இன்னாமே, கண்ணாடி மேல கண்ணாடி போட்டுக்கினே கீற. வெயிலு உனக்கா அதுக்கா?"

அதுக்கு என்றேன்.

"அதுக்குப் போட்டியே, எனக்கு ஒரு கொட இல்ல."

நான் சிரித்தேன். எதிர்வெயிலில் அவரும் சிரித்தார். அரைக் கிலோ சங்கரா வாங்கினேன். அக்கா குழம்பு வைத்தாள்.

ஜூலை 8, திங்கள்

ஒத்திகை ஃபிலிம் கழுவியாயிற்று. பின்னணி அத்தனையும் புகை. பஸ், கட்டுமரம், கூட்டம், எல்லாம் போன இடம் தெரியவில்லை. வெளிச்சமும் சரி. ஆனால் பதினெட்டில் பதினாறு பாழ். மூக்குத்தி கூர்மை, கண் மங்கல்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். ஃபில்டரைத் திருகும்போது அதோடு லென்ஸின் ஃபோகஸ் வளையமும் துளி நகர்கிறது. துளி நகர்ந்தாலே 1.2க்குப் போதும்.

செய்ய வேண்டியது:
— ஃபோகஸ் வைத்ததும் வளையத்தில் செல்லோடேப்.
— தூரத்தை அளந்து நிற்க வைப்பது.
— கண்ணும் திட்டும் ஒரே தளத்தில் வருமாறு முகத்தைக் கொஞ்சம் திருப்புவது.
— வேகம் 500, ஒவ்வொன்றும் இன்னொரு முறை 1000.
— மேகம் வந்தால் நிறுத்து.

ஸ்ரீதர் வந்து ஓனர் டச்சிங் செய்த போட்டோவை நாலு காப்பி வாங்கிப்போனார். ஓரக்கண்ணால் பார்த்தேன். ரா.வும் இல்லை, வேறு யாரும் இல்லை. வெள்ளை மாவில் கண் வைத்த மாதிரி.

ஜூலை 10, புதன்

எடுத்தாயிற்று.

12.35க்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். தூரம் அளக்க என்ன செய்யலாம் என்றேன். ரா. நீளம் தாண்டுதலுக்கு அளக்கும் டேப்பைக் கொண்டுவந்தாள். கேமராவிலிருந்து அவள் கண் வரை நூற்று இருபது சென்டிமீட்டர்.

"இங்கேர்ந்து அசையக் கூடாது. மூச்சு விட்டாக்கூட ஃபோகஸ் போயிடும்."

"பி.டி. டீச்சர்கிட்ட அட்டென்ஷன்ல நிக்கத் தெரியுமான்னு கேக்கறேளா?"

நின்றாள். அசையாத சிலை கூட அப்படி நிற்காது. பவுடர் இல்லை. நெற்றியில் வியர்வை. சேலைத் தலைப்பு கழுத்தை மூடியிருந்தது, அவளே விலக்கிப் பின்னால் செருகினாள்.

சாப்பாட்டு நேரம், பிள்ளைகள் கூடிவிட்டார்கள். டிபன் பாக்ஸ் மூடியும் கையுமாக, வாயைத் திறந்துகொண்டு. போகச் சொல்லவா என்றேன்.

"இருக்கட்டும். கரைச்சுடுவேள்னேளே."

ஃபோகஸ். செல்லோடேப். எட்டு. நாலு. க்ளிக். மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ஒரு மேகம் வந்து பத்து நிமிடம் நின்றது. இருவரும் அப்படியே காத்திருந்தோம். அப்போதுதான் சொன்னாள், முதல் திட்டு வந்தது ஒன்பதாம் வகுப்பில், கண் ஓரத்தில் கடுகளவு. பக்கத்தில் உட்கார்ந்தவள் இடம் மாறிக்கொண்டாள். "அவ பேரு கூட மறந்துபோச்சு. இடம் மாறினது மறக்கல."

வெயில் திரும்பி வந்தது. ஃபிலிமில் முப்பத்தாறும் முடியும்வரை எடுத்தேன்.

பின்கழுத்து வெந்துவிட்டது. இரவு தயிர் தடவினாள் அக்கா.

ஜூலை 11, வியாழன்

ஆறரைக்கே ஸ்டூடியோ. சாவி என்னிடம். போன மாத மழையில் இருட்டறைச் சுவர் இன்னும் காயவில்லை, பூசண வாடை.

நேற்று எடுத்ததில் இருபத்திரண்டாவது.

ட்ரேயில் மெல்ல ஏறி வந்தது. முதலில் கண். பிறகு திட்டின் விளிம்பு, வளைவு வளைவாக, ஒரு முடி அகலம் கூட விடாமல். கன்னத்தில் வியர்வைத் துளி. காது பாதி கரைந்து, அதற்குப் பின்னால் சாம்பல் புகை. இருபது முப்பது பிள்ளைகள் நின்றார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ரா. மட்டும் நேராக என்னைப் பார்க்கிறாள். பாவமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

ஓனர் பத்து மணிக்கு வந்தார். க்ளிப்பில் தொங்கியதைப் பார்த்தார். முதலில் அவருக்குள் இருந்த தொழில்காரர் பேசினார்: "மத்தியானத்துல எடுத்தியா? பின்னாடி எப்படி இப்படிக் கரைஞ்சுது?" சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். அப்புறம் கடைக்காரர் பேசினார்.

"ஆனா தெரியுதே நிர்மலா."

"தெரியணும்னுதான் சார்."

"இதுல நம்ம கடை சீல் போட மாட்டேன்."

"வேணாம். என் பேரு எழுதிக்கறேன்."

"டச்சிங்குக்கு வெச்ச ஆளு நீ."

"இனிமே ஆளைக் கேட்டுட்டுத்தான் பண்ணுவேன். வேணாம்னா தொட மாட்டேன். உங்களுக்குச் சரிப்படலன்னா சொல்லுங்க, சாவியைக் குடுத்துட்டுப் போறேன்."

அவர் சாவியைக் கேட்கவில்லை. விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார்.

நாலு காப்பி போட்டேன். பின்னால் என் பெயர், பேனாவால். கையெழுத்துக் கோணல். மாலையில் ரா. வந்து வாங்கிப்போனாள்.

ஜூலை 13, சனி

ஸ்ரீதர் வந்தார். கோபம், ஆனால் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தபாலில் போட வைத்திருந்த உறைகளை ரா. பிரித்து, டச்சிங் போட்டோக்களை எடுத்துவிட்டு, என்னுடையதை வைத்து அனுப்பிவிட்டாளாம். நேற்றே போஸ்ட் ஆகிவிட்டது.

"நீங்க யாரு எங்காத்து விஷயத்துல தலையிட?"

"போட்டோ எடுத்தவ."

"இத பாத்தா யாராவது வருவாளா? சொல்லுங்கோ. ஒருத்தர் வருவாளா?"

"அந்தப் போட்டோவைப் பாத்து வந்தா, வந்தப்புறம் இவங்க முகத்தைப் பாக்க மாட்டாங்களா சார்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம் முன்னால் அப்படித்தான் நடந்ததாம். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். "அம்மா மூணு நாள் சாப்பிடல. அதுக்குத்தான் பயப்படறேன். அவமேல எனக்கென்ன விரோதமா?"

அவரைத் திட்டத் தயாராக இருந்தேன். திட்ட முடியவில்லை.

நெகட்டிவைக் கேட்டார். "அது உங்க தங்கச்சிகிட்டதான் குடுப்பேன்" என்றேன். ஓனர் அப்போது குறுக்கே வரவில்லை, பேப்பர் படிப்பது போல் இருந்தார். தலைகீழாக.

ஜூலை 22, திங்கள்

மாலையில் நல்ல மழை, பத்து நிமிடம். ஆடித் தள்ளுபடிக்குத் தி. நகர் போகலாம் என்கிறாள் அக்கா. கூட்டம் நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

ரா. ஸ்டூடியோவுக்கு வந்தாள், கையில் இரண்டு உறை. நாலு இடத்தில் இரண்டு பதில் இல்லை. ஒன்று ஜாதகம் பொருந்தவில்லை என்று திரும்பிவிட்டது. நாலாவதை என்னையே படிக்கச் சொன்னாள்.

அடையாறிலிருந்து. பையனின் அம்மா கைப்பட. ஜாதகம் நன்றாகப் பொருந்துகிறது. பெண் லட்சணம். போட்டோ எடுக்கும்போது முகத்தில் மரத்து நிழல் விழுந்துவிட்டதுபோல் தெரிகிறது. நிழல் இல்லாமல் கலரில் ஒன்று அனுப்பவும்.

இரண்டு முறை படித்தேன். திட்டை வெயில் என்றும் மாநிறத்தை நிழல் என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறார். ரா. என் முகத்தையே பார்த்திருந்தாள், நான் என்ன செய்கிறேன் என்று. சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். கல்லாவிலிருந்து ஓனர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா சொல்றான், நல்ல வேளை, அப்படியே இருக்கட்டும், நிழல்னே நெனைச்சுக்கட்டும், அந்த ஸ்டூடியோ போட்டோவை அனுப்பிடலாம்னு."

"நீங்க?"

"அதே எடம். அதே வெயில். கலர்ல."

ஜூலை 24, புதன்

கலர் ஒத்திகை. வெள்ளைக் காகிதம், என் கை, மாடிச் சுவர். பாயின் இரண்டு கண்ணாடியும் மாட்டி. ஆழ்வார்பேட்டை லேபில் ஒரு மணி நேரத்தில் பிரிண்ட்.

காகிதம் டீ நிறம். கறுப்பு வெள்ளையில் தெரியாத பழுப்பெல்லாம் கலரில் வந்து நிற்கிறது. இதில் எடுத்தால் திட்டும் டீ நிறமாகிவிடும், தோலோடு பாதி சேர்ந்துவிடும். பென்சில் செய்த வேலையைக் கண்ணாடி செய்யும். முடியாது.

நேரே தி. நகர். கரீம் பாயிடம் காகிதத்தைக் காட்டினேன்.

"சுத்தமான கண்ணாடி வேணும்னா சினிமாக்காரன்கிட்டதான் கீது. ஒரு கேமரா அசிஸ்டெண்டு என் தோஸ்து. கேட்டுப் பாக்கறேன்." பிறகு, "யாருக்கு மேடம் இவ்ளோ பாடு?"

இருபத்திரண்டாவதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஃபோனை எடுத்தார்.

ஜூலை 26, வெள்ளி

கண்ணாடி வந்தது. வட்டமில்லை, உள்ளங்கை அகலச் சதுரம், இரண்டு. ஓரத்தில் 0.9, 0.6 என்று. குழம்பினேன். பாய்: "அவங்க கணக்கு வேற. 0.9ன்னா நம்ம எட்டு. 0.6 நாலு. திங்கக்கெழம அவங்களுக்கு ஷூட்டிங், ஞாயித்துக்கெழம என் கையில இருக்கணும். கீறல் வுழுந்தா என் தல போயிடும்."

சதுரத்தைத் திருகி மாட்ட வழியில்லை. லென்ஸுக்கு முன்னால் வைத்து நாலு ரப்பர் பேண்ட். இடுக்கில் வெளிச்சம் புகாமல் கறுப்புத் துணி. பார்க்கக் கட்டுப்போட்ட கால் மாதிரி. ஒரு லாபம்: திருக வேண்டியதில்லை, ஃபோகஸ் நகரவில்லை.

ரா. அரக்கு நிறச் சேலை. ஆடி வெள்ளி, கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள், நெற்றியில் குங்குமம். அதே இடம். டேப் நூற்று இருபது. இந்த முறை பிள்ளைகள் அவ்வளவாகக் கூடவில்லை, பழகிவிட்டது.

அண்ணன் தெரிந்துதான் விட்டாரா என்றேன்.

"காலம்பற கேட்டான், அந்தப் பையனாத்து மனுஷாளும் எழுந்து போயிட்டா என்ன பண்ணுவேன்னு. கதவு வரைக்கும் போய் அனுப்பிட்டு வந்து அந்தக் காபியை நான் குடிப்பேன்னேன். சைக்கிள்ல கொண்டுவந்து விட்டுட்டுப் போனான்."

ஜூலை 29, திங்கள்

கண்ணாடி நேற்றே திருப்பியாயிற்று. கீறல் இல்லை.

காலையில் லேபில் சண்டை. பிரிண்டில் திட்டு மங்கலாக, தோல் ரோஜா நிறமாக. மெஷினில் இருந்தவன் பெருமையாக: "மூஞ்சில வெள்ள வெள்ளயா கீது மேடம், நான் கரெக்சன் போட்டுட்டேன்."

"எடு அதை."

"நல்லாத்தானே கீது."

"சேலைக்கு நிறம் பாரு, குங்குமத்துக்குப் பாரு. மூஞ்சியை விட்டுடு. கரெக்‌ஷன் எல்லாம் சைபர்ல வெச்சுப் போடு."

மூன்று முறை போட வைத்தேன். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பின்னால் ஆறு பேர் வரிசையில். நாலாவதில் வந்தது. அரக்கு அரக்காக, மாநிறம் மாநிறமாக, வெள்ளை வெள்ளையாக. மைதானம் பின்னால் செம்மண் புகை. கண் இமை ஒவ்வொன்றும் எண்ணலாம்.

சாப்பாட்டு நேரத்தில் ரா. வாங்க வந்தாள். பார்த்தாள். அடையாறு உறையை மேஜையில் வைத்து, என் பேனாவைக் கேட்டாள். போட்டோவைத் திருப்பி, என் பெயருக்குக் கீழே எழுதினாள், குனிந்து, நிதானமாக:

மரம் கிடையாது. நிழலும் இல்லை. இது நான்.

போட்டோவை உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினாள். எதிரே இருந்த தபால் பெட்டியில் போட்டாள். மூன்று மணிக்குத்தான் எடுப்பார்கள். அது வரை நிற்கப் போவதில்லை, ஐந்தாம் பீரியட் கபடி இருக்கிறது என்று கிளம்பினாள்.

இருட்டறையில் ஃபிக்ஸர் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.